காயலான் கடைச் சாமானில் ரோட்டரி டூல் பாகங்கள்: எதைச் செய்யலாம், எதை வாங்க வேண்டும்?

கேள்வி: சுவாமிமலையில் சிலைப் பட்டறை வைத்திருக்கிறேன். உளி நுழையாத இடுக்குகளைச் சுத்தம் செய்ய ஒரு ரோட்டரி டூல் (சின்ன டிஸ்க், பிட்டுகளை அதிவேகமாகச் சுற்றும் கைக்கருவி) வாங்கினேன். கூட வந்த சின்ன டிஸ்க்குகள் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. பட்டறையில் தேய்ந்த 4 இஞ்ச் கிரைண்டர் டிஸ்க்குகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றைச் சின்ன வட்டமாக வெட்டி ஒரு போல்ட்டில் மாட்டி ஓட்டலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. "வேகம் தாங்காது" என்றுதான் எல்லாரும் காரணம் சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் அந்தக் காரணம் பொருந்தாது. 4 இஞ்ச் டிஸ்க்கின் மேல் பெரும்பாலும் நொடிக்கு 80 மீட்டர், நிமிடத்துக்கு 15,300 சுற்று என்று அச்சிட்டிருக்கும். விளிம்பு அந்த வேகம் வரை ஓடலாம் என்று பொருள். அதிலிருந்து 25 மி.மீ. வட்டம் வெட்டி 30,000 சுற்றில் ஓட்டினால் விளிம்பு வேகம் 40 மீட்டரைக்கூடத் தொடாது. (முழு 4 இஞ்ச் டிஸ்க்கையே ரோட்டரி டூலில் மாட்டிப் பார்க்கும் தைரியசாலிகளும் உண்டு. அங்கே 157 மீட்டர் வரும். பக்கத்தில் நிற்காதீர்கள்.)

சிக்கல் நடுத்துளையில் இருக்கிறது. கையால் வெட்டிய வட்டத்துக்கு மையம் ஒரு மில்லிமீட்டராவது விலகத்தான் செய்யும். 2 கிராம் எடையுள்ள டிஸ்க்கில் மையம் 1 மி.மீ. தள்ளினால், 30,000 சுற்றில் அது ஏறத்தாழ 2 கிலோ கனத்தோடு தண்டைப் பக்கவாட்டில் இழுக்கும், அதுவும் நொடிக்கு 500 தடவை திசை மாறி மாறி. முதலில் கை மரத்துப்போகும், அடுத்து டூலின் பேரிங் போகும், போல்ட் வளைந்தால் டிஸ்க் சிதறும். போதாததற்கு, டிஸ்க்கை வலுப்படுத்தும் கண்ணாடி நார் வலையை நீங்கள் கண்டபடி வெட்டியிருப்பீர்கள். பழைய டிஸ்க்கின் நடுவிலுள்ள உலோக வளையத்தைப் பாருங்கள், காலாவதி தேதி இருக்கும். தேதி தாண்டியது, ஈரம்பட்டுக் கிடந்தது எதையும் கிரைண்டரில்கூட மாட்டக் கூடாது.

இதே கணக்கை 5,000 சுற்றில் போட்டுப் பாருங்கள். இழுவை 36-ல் ஒரு பங்காகி 55 கிராமுக்கு வந்துவிடும். வேகம் பாதியானால் இழுவை கால்வாசி. ஆகவே மெதுவாகச் சுற்றும், மெத்தென்ற சாமான்களைத் தாராளமாக வீட்டில் செய்துகொள்ளலாம். உங்கள் வேலைக்குப் பாலிஷ் சக்கரங்கள்தான் நிறையத் தேவைப்படும். சைக்கிள் பம்பின் பழைய தோல் வாஷர், தேய்ந்த தோல் செருப்பின் அடி, கெட்டியான கம்பளித் துணி, எல்லாமே உதவும். நாலைந்து அடுக்கு தைத்து வட்டமாக நறுக்கி மாட்டுங்கள். மெதுவாக ஓடவிட்டு எமரி பேப்பரை விளிம்பில் லேசாகக் காட்டினால் அதுவே வட்டமாகத் தேய்ந்து மையத்துக்கு வந்துவிடும். இடுக்குக்கு எமரி பேப்பர் சுருள் நல்லது: 3 மி.மீ. பித்தளைக் கம்பியின் நுனியை ரம்பத்தால் நெடுக்காகப் பிளந்து, காகிதத்தின் ஓரத்தை அதில் செருகி, சுற்றும் திசைக்கு எதிராகச் சுருட்டுங்கள். கம்பி வெளியே நீளும் அளவு குறையக் குறைய நல்லது.

தண்டை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். இந்த டூல்களில் வழக்கமாக வரும் கோலெட் (தண்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) 3.2 மி.மீ. தண்டைப் பிடிப்பதற்கானது. மரை போட்ட போல்ட்டைக் கோலெட்டில் பிடித்தால் மரையின் முகடுகள் மட்டும் பிடிபட்டுத் தலை ஆடும், கோலெட்டும் கெடும். திருகு வைத்த தண்டு தனியாகவே கிடைக்கிறது. ஒன்று வாங்கினால் மேலே மாட்டும் சக்கரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வெட்டும் டிஸ்க்குகளும் காசு கொடுத்து வாங்க வேண்டியவைதான். உலோகத் தூளுக்கு மூக்கு மூடியும் கண் கண்ணாடியும் வேண்டும் என்பதைச் சிலைப் பட்டறைக்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

கேள்வி: நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வேலை. காயலான் கடையில் ஒரு தையல் மெஷின் மோட்டாரும் கால் மிதியும் கிடைத்தன. பைக்கின் பழைய ஸ்பீடாமீட்டர் கேபிளை இணைத்து, நகை ஆசாரிகள் வைத்திருக்கும் தொங்கு மோட்டார் மாதிரி செய்ய ஆசை. நடக்குமா?

பதில்: பாதி நடக்கும். கால் மிதி அருமையான பொருள், இரண்டு கையும் விளக்கைப் பிடிக்க மிச்சமாகும். ஒயர் உறை வெடித்திருந்தால் முதலில் மாற்றுங்கள், கார்பன் பிரஷ் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். மோட்டார் உடம்பைத் தொடும்போது லேசாக ஷாக் அடித்தால் திரும்பக் காயலான் கடைக்கே அனுப்பிவிடுங்கள்.

கேபிள்தான் இடறும். வண்டி 60 கி.மீ. வேகத்தில் போனாலும் ஸ்பீடாமீட்டர் கேபிள் நிமிடத்துக்குச் சுமார் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு சுற்றுதான் சுற்றும், தள்ள வேண்டிய பாரமும் ஒரு முள்தான். தையல் மோட்டார் அதைப்போலப் பல மடங்கு வேகத்தில் ஓடும். உறை சூடாகி, வளைவில் கேபிள் முறுக்கிக்கொள்ளும். இன்னொன்று, முறுக்கிய கம்பிக்குத் திசை உண்டு. ஒரு பக்கம் சுற்றினால் இறுகும், மறுபக்கம் சுற்றினால் பிரிந்து பருக்கும். எனவே கடையில் ஃப்ளெக்ஸிபிள் ஷாஃப்ட்டும் (வளைந்து கொடுக்கும் தண்டு) கைப்பிடியும் சேர்ந்த செட்டாக வாங்குங்கள், எந்தத் திசைக்கு என்று கேட்டு உங்கள் மோட்டார் சுற்றும் பக்கத்தோடு ஒத்துப்பாருங்கள். மோட்டார், மிதி, தொங்கவிடும் கொக்கி எல்லாம் பழசாக இருந்துவிட்டுப் போகட்டும்.

மிக்ஸி மோட்டார் வைத்துச் செய்யலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அது விட்டுவிட்டு ஓடத்தான் செய்யப்பட்டது. எத்தனை நிமிடம் என்று அடிப்பக்கத்திலேயே எழுதியிருக்கும். சும்மா ஓடவிட்டால் வேகம் தறிகெட்டு ஏறும். விட்டுவிடுங்கள்.

கேள்வி: தஞ்சாவூரில் வீணைக்கு வேலைப்பாடு செய்கிறோம். தெரிந்த பல் மருத்துவரிடம் தேய்ந்த பர் பிட்டுகள் (பல்லைக் குடையும் முனைகள்) கேட்டு வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: கேட்காதீர்கள். வாயில் போய் வந்த கூர்மையான உலோகம் 2016-ஆம் ஆண்டு உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி குத்தாத வெள்ளைப் பெட்டியில் போய்ச் சேர வேண்டியது. யாருக்கும் கொடுக்கக் கூடாது. பல் மருத்துவப் பொருள் கடையில் புதியதே வாங்கலாம். ஆனால் தண்டு பாருங்கள்: நேர் கைப்பிடிக்கான பர் 2.35 மி.மீ., அதற்கு 2.4 மி.மீ. கோலெட் வேண்டும். ஏரோட்டர் (காற்றால் சுற்றும் அதிவேகப் பல் டிரில்) பர் 1.6 மி.மீ., வீணையின் பலா மரத்துக்கு ரொம்பப் பொடிசு. 3.2 கோலெட்டில் காகிதம் சுற்றி இறுக்குவது மட்டும் கூடவே கூடாது.

கேள்வி: திருவாரூரில் மரப் பொம்மை செய்து விற்கிறேன், தனி ஆள். ஆன்லைனில் வாங்கிய ரோட்டரி டூல் முதல் நாளிலிருந்தே தலை ஆட்டுகிறது. "தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது, அதோடு நீங்கள் வேறு ஸ்டாண்டு செய்து மாட்டியிருக்கிறீர்கள்" என்கிறார் விற்றவர்.

பதில்: முதல் பாதி தவறு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. நீங்கள் நுகர்வோர்தான்.

இரண்டாவதில் அவருக்குக் கொஞ்சம் பிடி இருக்கிறது. ஸ்டாண்டு டூலை வெளியிலிருந்து கவ்விப் பிடிப்பதாக இருந்தால் கவலையில்லை. உடம்பில் துளை போட்டிருந்தால், உத்தரவாத அட்டையைக் காட்டிக் கைவிரிப்பார்கள். எதுவானாலும் ஸ்டாண்டைக் கழற்றுங்கள், நேரான ஒரு டிரில் பிட்டைக் கோலெட்டில் பிடித்து மிகக் குறைந்த வேகத்தில் சுற்றவிட்டு, நுனி ஆடுவதை வீடியோ எடுங்கள். வேறு பிட் போட்டும் ஆடினால் குறை பிட்டில் இல்லை என்பது தெளிவாகும். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, விலை அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து அதையும் படமெடுங்கள். இருக்க வேண்டியது அது. இல்லாவிட்டால் அதுவே தனிப் புகார்.

பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால், பொருள் எங்கிருந்து வந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பில்லை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள், விற்பவரின் இணையப் பக்கம் ஒருநாள் காணாமல் போகலாம்.