பாண்டிச்சேரியைச் சுற்ற சைக்கிள் போதுமா, ஸ்கூட்டி எடுத்தே ஆகவேண்டுமா?

குடும்பத்தோடு இரண்டு நாள் வருகிறோம், காரிலேயே ஊரைச் சுற்றலாமா, இல்லை இங்கே வந்து ஸ்கூட்டியோ சைக்கிளோ வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நான் பாட்டுக்குக் கடந்து போயிருப்பேன். "நாற்பது வயதுக்கு மேல் சைக்கிளில் போனால் பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி நினைப்பார்களோ" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் முத்தியால்பேட்டைக்காரன். நேரு வீதியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். போக வர சைக்கிள்தான். வண்டி வாங்க வக்கில்லாமல் இல்லை. வீட்டில் ஸ்கூட்டி நிற்கிறது, மனைவி ஓட்டுகிறாள். எனக்கு சைக்கிள் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் இதை ஏதோ குடும்பத்துக்கு வந்த குறை போலத்தான் விசாரிப்பார்கள்.

முதலில் உங்களுக்கான பதில். புல்வார்டு என்று நாங்கள் சொல்லும் பழைய ஊருக்குள் சுற்ற சைக்கிள் தாராளமாகப் போதும். வடக்கே எஸ்.வி. படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடற்கரைச் சாலை. இந்த நாலுக்கும் நடுவில் இருப்பதுதான் நீங்கள் படத்தில் பார்த்து ஆசைப்பட்ட பாண்டிச்சேரி. தெருக்கள் கட்டம் போட்ட நோட்டு மாதிரி நேர்நேராக ஓடும். ஏற்றம் இறக்கம் எதுவும் கிடையாது. மேற்கிலிருந்து கிழக்கே கடல் வரை நிதானமாக மிதித்தாலும் பத்து நிமிடம் ஆகாது. நடுவில் ஒரு வாய்க்கால் வரும். அதற்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பகுதி, மேற்கே தமிழர் பகுதி. வழி தவறினால் வாய்க்காலைத் தேடிப் பிடித்தால் போதும். சில நாட்களில் மூக்கே வழி காட்டிவிடும்.

பார்க்கிறவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அரவிந்தர் ஆசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் எழுபதைத் தாண்டிய பெரியவர்கள், ஆணும் பெண்ணும், முதுகு நிமிர்ந்து சைக்கிளில் போவதைப் பார்ப்பீர்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உங்களை மட்டும் நின்று பார்க்க இந்த ஊரில் யாருக்கும் நேரம் இல்லை. பார்ப்பவர்கள் என்று நீங்கள் பயப்படுவது உங்களோடு வருகிறவர்களைத்தான் என்று நினைக்கிறேன். எனக்கும் அதே கதைதான், சொல்கிறேன்.

2025 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. எங்களுக்கு மறுநாள் 16ஆம் தேதியும் விடுமுறை. 1962இல் பிரான்சிடமிருந்து சட்டப்படி இந்தியாவுக்குக் கைமாறிய நாள் அது. ஆக மூன்று நாள் சேர்ந்து வந்தது. இந்த மாதிரி நாட்களில் உள்ளூர்க்காரன் அரிசி பருப்பை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருப்பான். கோயம்புத்தூரிலிருந்து என் மச்சான், மனைவியின் அண்ணன், குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினார். வாசலில் என் சைக்கிளைப் பார்த்ததும், "என்ன மாப்ள, இன்னும் இதை விடலீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்தான். ஆனாலும் வருஷா வருஷம் அதே கேள்வி.

அன்று சாயங்காலம் எல்லாரும் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். நான் சைக்கிளில் வருகிறேன் என்றதற்கு மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. "கார் எதுக்குங்க இருக்குது" என்று உள்ளே உட்கார வைத்தார். எஸ்.வி. படேல் சாலை வரைக்கும்தான் வண்டி ஓடியது, அதற்கு மேல் நகர்ந்தது. கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மறுநாள் காலை வரை வண்டிகளை விடமாட்டார்கள். அதனால் அந்தக் கூட்டம் முழுக்கப் பக்கத்துத் தெருக்களில் திரும்பும். வெளியூர் வண்டிகள் ஒவ்வொரு வாசலிலும் நின்றிருந்தன. ஒரு வீட்டுக்காரர் நாற்காலியைக் கேட்டுக்கு முன்னால் போட்டுத் தானே உட்கார்ந்துவிட்டார். ஒன்வேயில் சுற்றிச் சுற்றி, புறப்பட்ட சந்துக்கே நாங்கள் திரும்ப வந்தோம். கடைசியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ வண்டியைப் போட்டுவிட்டு நடந்தோம். மச்சான் மனைவிக்கு முழங்கால் வலி வேறு. கடலைப் பார்த்தபோது இருட்டிவிட்டது. மச்சான் ஒன்றும் பேசவில்லை, நானும் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை வந்திருக்கும்.

மறுநாள் காலை, மச்சான் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அவர் மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பெண் கல்லூரியில் படிக்கிறாள், பையன் பத்தாவது. பக்கத்து வீட்டு சைக்கிளையும் சேர்த்து மூன்று தேறியது. மணிக்கூண்டைத் தாண்டி, படேல் சாலையில் திரும்பி, கடற்கரைக்குப் போனபோது சூரியன் அப்போதுதான் வந்திருந்தது. அங்கே நடைப்பயிற்சிக் கூட்டம் இருக்கும், அதனால் தள்ளிக்கொண்டே போனோம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்று சொன்னேன். பையன் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தான்.

அப்புறம் துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி என்று உள்ளே நுழைந்தோம். இங்கே ஒன்று கவனிக்க வேண்டும், யாரும் சொல்லித் தரமாட்டார்கள். பிரெஞ்சு வீடுகளின் சுவர் தெரு விளிம்பிலேயே எழும்பி நிற்கும், முன்னால் வாசல் இடமே இருக்காது. அதனால் முனையில் குறுக்குத் தெருவில் என்ன வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பல முனைகளில் சிக்னலும் இல்லை. முனைக்கு நாலடி முன்பே கால் மிதிப்பதை நிறுத்தி, பெல்லை இரண்டு தடவை அடித்து, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். கூகுள் மேப்பைப் பார்த்துக்கொண்டே ஸ்கூட்டியில் வருகிறவர்கள் பெல் சத்தத்துக்குத்தான் தலை நிமிர்கிறார்கள். நிறுத்தி வைத்த கார்களை ஒட்டிப் போகாதீர்கள், கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. பெண் இரண்டு முனையிலேயே இதைப் பழகிக்கொண்டாள். மூன்றாவது முனையில் எனக்கு முன்னால் அவளே, "மாமா, வண்டி வருது, நில்லுங்க" என்றாள்.

மஞ்சள் சுவருக்கு முன்னால் ஒரு கல்யாண ஜோடி நடுத்தெருவில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. விலகி வழி விட்டார்கள், சும்மா சொல்லக் கூடாது.

மணக்குள விநாயகர் கோயில் தெருவில் இறங்கித் தள்ளினோம். முன்பெல்லாம் அந்த வாசலில் கோயில் யானை லட்சுமி நிற்கும். வேலைக்குப் போகிற வழியில் ஒரு காலை ஊன்றி நின்று, தும்பிக்கையைத் தலையில் வாங்கிக்கொண்டு போவேன். 2022 நவம்பர் கடைசியில், காலை நடைக்குக் கூட்டிப்போனபோது அது விழுந்து இறந்துபோனது. ஊரே அழுதது. இப்போதும் அந்த இடத்தில் என் சைக்கிள் தானாக மெதுவாகிறது.

வாய்க்காலைத் தாண்டி வைசியாள் வீதிக்குப் போனபோதுதான் பிள்ளைகளுக்கு ஊர் பிடித்தது என்று சொல்வேன். வீட்டுக்கு முன்னால் மரத்தூண் போட்ட தாழ்வாரம், அதற்கு உள்ளே திண்ணை. வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்குவதற்கென்றே தெருப்பக்கம் கட்டியது. காரில் போகிறவர்களுக்கு இதெல்லாம் ஜன்னலில் ஓடி மறையும் ஒரு சுவர். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் இருந்த வீட்டை வெளியே நின்று பார்த்தோம், திறக்கும் நேரம் ஆகவில்லை. 1908இல் வந்தவர் பத்து வருஷம் இந்த ஊரில்தான் இருந்தார். குயில் பாட்டு இங்கே எழுதியதுதான்.

எட்டரை மணிக்கு மச்சான் போன் செய்தார். தானும் வருவதாகவும், ஸ்கூட்டி எடுத்திருப்பதாகவும் சொன்னார். சைக்கிள் எடுத்திருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, பின்பக்க மட்கார்டில் கீறல் என்று கடைக்காரன் முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டான். அது பழைய கீறல், துருவே ஏறியிருந்தது. கடைப் பெயரைச் சொல்லமாட்டேன், எல்லாக் கடையும் அப்படி என்றும் சொல்லவில்லை. நீங்கள் எதை எடுத்தாலும் வண்டியை நாலு பக்கமும் கடைக்காரன் கண்ணெதிரே போனில் படம் எடுத்துவிடுங்கள். சைக்கிள் என்றால் டயரை அமுக்கிப் பாருங்கள், இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, பெல் அடிக்கிறதா, பூட்டுச் சாவி திரும்புகிறதா என்று பாருங்கள். சீட்டை உங்கள் உயரத்துக்கு ஏற்றித் தரச் சொல்லுங்கள். அதைச் செய்யாததால்தான் பாதிப் பேருக்கு முழங்கால் வலிக்கிறது, பழி சைக்கிளுக்கு வருகிறது.

இதைப் படித்ததும் சிலர் வருவார்கள் என்று தெரியும். "வெயிலில் எப்படி ஐயா, கைக்குழந்தை இருந்தால், அப்பாவுக்கு எழுபது வயது என்றால்?" எல்லாரும் சைக்கிளில் வாருங்கள் என்று நான் சொல்லவே இல்லை. முடியாதவர்களுக்கு ஆட்டோ இருக்கிறது, ஏறும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள். சித்திரை வைகாசியில் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை நானே மிதிக்கமாட்டேன். ஐப்பசி கார்த்திகை மழையில் இந்திரா காந்தி சதுக்கம், ரெயின்போ நகர்ப் பக்கம் தண்ணீர் நின்றால் எந்த வண்டியும் வேண்டாம், அறையிலேயே இருங்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி முழுக்க சண்டே மார்க்கெட் கடைகள் போட்டிருப்பார்கள். அதற்குள் சைக்கிளை விட்டால் உங்களையும் ஏசுவார்கள், உங்களுக்கு வழி சொன்ன என்னையும் ஏசுவார்கள்.

ஆரோவில் தனிக் கதை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துகள் பறக்கும், பழக்கம் இல்லாதவர்கள் அந்தச் சாலையில் சைக்கிளில் போகவேண்டாம். பெரியமுதலியார்சாவடியில் திரும்பிக் குயிலாப்பாளையம் வழியாகப் போகும்போது மெல்ல மெல்ல மேடு ஏறும், கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும். பேசாமல் பேருந்திலோ ஆட்டோவிலோ போய், அங்கேயே ஒரு சைக்கிள் எடுத்துச் செம்மண் பாதைகளில் சுற்றுங்கள். எனக்குப் பிடித்தது எதிர்த்திசையில், அரிக்கமேடு. 1945இல் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் தோண்டி, ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த இடம் என்று உலகத்துக்குக் காட்டினார். போனால் மாமரங்களும் ஆறும் இடிந்த சுவர்களும்தான் இருக்கும். அந்தச் சுவர்களும் பின்னால் வந்த பாதிரிமார் கட்டியவை. அதனால்தான் கூட்டம் வராது. கடலூர் சாலையில் அரியாங்குப்பம் வரை கொஞ்சம் ஓரமாகப் போகவேண்டும், காலையிலேயே கிளம்பிவிட்டால் சிரமம் இல்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. பாண்டிச்சேரியில் சொந்தக்காரன் இருக்கிறான் என்றால் அவனுக்கு வரும் போனில் பாதி பாட்டிலுக்குத்தான். நல்லது கெட்டதுக்குக் கூப்பிடாதவர்கள்கூட, நான் விழுப்புரம் பக்கம் போகிறேன் என்று தெரிந்தால், "வரும்போது ரெண்டு எடுத்துட்டு வந்துடு" என்பார்கள். எல்லைச் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால் பதில் சொல்லப்போவது நான்தானே? நான் குடிக்கிறதும் இல்லை. முன்னூறு வருஷத்துத் தெரு, பாரதி இருந்த வீடு, ரோமானியன் வந்து இறங்கிய துறை எல்லாம் இருக்கிற ஊரை, கடை விலைப் பட்டியலாக மட்டும் பார்க்கிறார்கள். மச்சானும் கிளம்பும்போது அதைத்தான் கேட்டார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் முதலாளி கேட்டிருக்கிறாராம்.

அவர் இப்போதும் காரில்தான் வருகிறார். மகள் மட்டும் வரும்போதெல்லாம், "மாமா, பக்கத்து வீட்டு சைக்கிள் இருக்குதுங்களா?" என்று முதல் நாளே போனில் கேட்டுவிடுகிறாள்.

எந்தக் கடையில் சைக்கிள் எடுப்பது என்று தனிச்செய்தியில் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். மிஷன் வீதிப் பக்கம் நடந்தால் கடைகள் கண்ணில் படும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் போனால் நல்ல வண்டி மிஞ்சாது.