வெப்ப அலையின்போது காட்டுத்தீப் புகை ஏன் கலையாமல் தங்கிவிடுகிறது?

வழக்கத்தை மீறிய வெயில் நாள்கணக்கில் நீடிப்பதுதான் வெப்ப அலை. அப்போது பெரும்பாலும் வானில் உயர் காற்றழுத்தம் நகராமல் அமர்ந்திருக்கும். அதிலிருந்து கீழிறங்கும் காற்று, சோற்றுப்பானையின் மூடி ஆவியை அடைப்பதுபோல, புகையைத் தரையருகே அடைத்துவிடுகிறது.

2010 கோடையில் மாஸ்கோவில் நடந்தது இதுதான். வெயில் 38 டிகிரியைத் தாண்டியது. நகரைச் சுற்றிய காடுகள் எரிந்தன. வறண்ட சதுப்பு நிலங்களில் மட்கிய செடிகளாலான மண்ணே உள்ளுக்குள் கனன்றது. நகர மையத்திலுள்ள செஞ்சதுக்கத்தில் நின்றவர்களுக்கு எதிரேயிருந்த தேவாலயக் கோபுரங்கள்கூட மங்கலாகத்தான் தெரிந்தன. ஜன்னலை மூடினால் வீடு வெந்தது, திறந்தால் மூச்சு முட்டியது. முதியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய கொடுமை!

ஈரத்துணியை முகத்தில் கட்டினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத புகைத்துகள்கள் அதனூடே எளிதாக நுழைந்துவிடும், முகத்தோடு பொருந்தும் என்95 முகக்கவசம்தான் வேண்டும்.