வயதுக்கு வராத மகளின் சினைப்பையை உறைய வைக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய். கைக்குழந்தையிலிருந்தே மூன்று வாரத்துக்கு ஒருதரம் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றுகிறோம். அவள் அண்ணனின் மஜ்ஜை பொருந்திவிட்டதால் வேலூரில் மாற்று சிகிச்சைக்கு நாள் குறிக்கப்போகிறார்கள். அதற்கான கீமோவால் பின்னாளில் பிள்ளைப்பேறு இல்லாமல் போகலாம், முன்கூட்டியே ஒரு சினைப்பையை எடுத்து உறைய வைக்கலாம் என்கிறார் டாக்டர். "வயசுக்கே வராத பிள்ளைக்கு வயித்தக் கீறணுமா?" என்கிறார் என் நாத்தனார். அவர் மகனுக்குத்தான் இவள் என்று வீட்டில் பேச்சு. நான் என்ன செய்ய?
- ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி

பதில்: வயதுக்கு வராத பிள்ளை என்பதால்தான் அம்மா, டாக்டர் இந்த வழியைச் சொல்கிறார். பெரிய பெண்களுக்கு இரண்டு வாரம் போல ஊசி போட்டு, முட்டையை முதிரவைத்து எடுத்துச் சேமிப்பார்கள். சிறுமிக்கு அது ஆகாது. ஆனால் பிறக்கும்போதே சினைப்பையின் மேலடுக்கில் முதிராத முட்டைகள் நிறைந்திருக்கும். அந்த அடுக்கை 1 முதல் 2 மில்லிமீட்டர் கனத்தில் சீவி, பனிப்படிகம் செல்லைக் கிழிக்காதபடி மருந்தில் ஊறவைத்து, மெல்ல மெல்லக் குளிரூட்டி, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைப்பார்கள். வயிற்றைக் கீறுவதில்லை, சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோப்பியில் முடிந்துவிடும். கீமோவுக்காக நெஞ்சில் குழாய் வைக்கும் அதே மயக்கத்திலேயே செய்ய முடியுமா என்று கேட்டுப்பாருங்கள்.

மாற்று சிகிச்சைக்கு முன் கொடுக்கும் மருந்துகளில் புசல்ஃபான் சினைப்பைக்குப் பெரிய எதிரி. உள்ளே விட்டுவைக்கும் இன்னொரு சினைப்பை தப்பினால் நல்லது. ஆனால் அதை நம்பி இருக்க முடியாது.

உறைந்த திசுவை மறுபடி பொருத்திப் பிறந்த முதல் குழந்தை 2004-இல் பெல்ஜியத்தில் பிறந்தது. இன்று உலகில் 200-க்கு மேல். பெரும்பாலும் வளர்ந்த பெண்களிடம் எடுத்த திசு அது. சிறுமிகளிடம் எடுத்ததில் பிறந்தவை மிகக் குறைவு. இருந்தாலும் 2016-இல் லண்டனில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின் கதை உங்கள் மகளுடையதுதான்: தலசீமியா, பூப்படையும் முன் எடுத்த சினைப்பை, பிறகு மஜ்ஜை மாற்று. ரத்தப் புற்றுநோய் என்றால் நானே தயங்கியிருப்பேன், திசுவோடு புற்றுநோய்ச் செல்லும் திரும்பிவிடலாம். தலசீமியாவில் அந்தப் பயம் கிடையாது. ஆகவே என் வாக்கு, செய்யுங்கள் என்பதே. இதற்காக மாற்று சிகிச்சையைத் தள்ளிப்போட மட்டும் வேண்டாம்.

பிள்ளை வேண்டும் என்று அவளே நினைக்கும் வயதில்தான் திசுவைத் திரும்பப் பொருத்துவார்கள். நாலைந்து மாதத்தில் வேலை செய்யத் தொடங்கும். சில வருடங்களே தாங்கும். வருடாவருடம் சேமிப்புக் கட்டணமும் உண்டு. முட்டையை உறைய வைக்கும் மையமெல்லாம் இதைச் செய்துவிடாது. இதுவரை எத்தனை பேருக்குத் திரும்பப் பொருத்தினீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று இரும்பு. ஏற்றிய ரத்தத்திலிருந்து சேரும் இரும்பு மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைக் கெடுக்கும். சினைப்பையை இயக்குவதே அதுதான். இரும்பை வெளியேற்றும் மாத்திரையை "இனி எதற்கு" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்று முடிந்த பிறகும், உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்கச் சொல்வார்கள், பாருங்கள்.

அவளிடமும் சொல்லுங்கள். பதினோரு வயதுக்குப் புரியும்.

நாத்தனார் மகன் விஷயம். சிகிச்சைக்குப் பின் மகளின் ரத்தம் அண்ணன் கொடுத்ததாகிவிடும். முட்டை அவளுடையதாகவே இருக்கும். அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தலசீமியா மரபணு போகும். கணவனும் அதைச் சுமப்பவன் என்றால், ஒவ்வொரு பிரசவத்திலும் நோயுள்ள பிள்ளை பிறக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகளுக்கு இந்த நோய் வந்திருப்பதால் உங்கள் கணவரும் அதைச் சுமப்பவர்தான்; அவர் அக்காள் தங்கைக்கும் இருக்கலாம், அவர்கள் மகனுக்கும் இருக்கலாம். ஹீமோகுளோபின் ஏ2 அளவு பார்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனை போதும். கல்யாணப் பேச்சை அதுவரை நிறுத்திவைத்து, அடுத்த முறை ஹைகிரவுண்ட் போகும்போது நாத்தனாரையும் அவர் மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.