கோய்ஸ்கி துருக்கியரின் கைப்பாவையா?

கேள்வி: அஜர்பைஜானின் முதல் பிரதமர் ஃபத்தலி கான் கோய்ஸ்கி, துருக்கியரின் ஒட்டோமான் பேரரசு ராணுவத்தின் தயவில் ஆட்சி நடத்தியவர்தானே? அவரை எதற்கு இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

பதில்: தயவு இருந்தது உண்மை. 1918 மே 28-ல் அஜர்பைஜானின் தேசிய கவுன்சில் சுதந்திரத்தை அறிவித்ததே திஃப்லிஸ் நகரத்தில், அதாவது இன்றைய ஜார்ஜியாவின் தலைநகரில். எண்ணெய் நகரமான பாக்கு அப்போது போல்ஷ்விக்குகள், அதாவது ரஷ்யக் கம்யூனிஸ்டுகள் கையில். ஜூனில் அரசு கஞ்சா (Ganja) என்ற அஜர்பைஜான் நகரத்துக்குப் போனது. அங்கே ஒட்டோமான் தளபதி நூரி பாஷாவுக்கு இந்த தேசிய கவுன்சிலைப் பிடிக்கவில்லை, அதனால் கவுன்சிலே கலைந்து, ஆறு மாதத்துக்குள் அரசியல் நிர்ணய சபையைக் கூட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு அதிகாரத்தை கோய்ஸ்கியின் இரண்டாவது அமைச்சரவையிடம் ஒப்படைத்தது. கசப்பான சமரசம்தான். ஆனால் அன்று முறைத்துக்கொண்டிருந்தால் அரசு என்ற ஒன்றே மிஞ்சியிருக்காது என்று நினைக்கிறேன்.

சரி, கைப்பாவை என்றால் நூல் அறுந்ததும் விழ வேண்டும் அல்லவா? அக்டோபர் 30-ல் முதல் உலகப் போரில் தோற்ற ஒட்டோமான் பேரரசு நேசநாடுகளோடு செய்துகொண்ட முத்ரோஸ் போர்நிறுத்தம் வந்தது, ஒட்டோமான் படை கிளம்பியது, நவம்பர் 17-ல் ஜெனரல் தாம்சன் பிரிட்டிஷ் படையோடு பாக்குவில் இறங்கினார். கோய்ஸ்கியின் அரசை அங்கீகரிக்கும் எண்ணமே முதலில் அவருக்கு இல்லை. டிசம்பர் 7-ல் நாடாளுமன்றம் திறந்தது, 120 இடங்களில் ஆர்மேனியர்களுக்கு 21, ரஷ்யர்களுக்கு 10 என்று ஒதுக்கியிருந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள், உள்ளூரில் சட்டப்படியான அதிகாரம் இந்த அரசுதான் என்று தாம்சனே அறிவித்தார். மாஸ்கோவில் சட்டம் படித்து, நீதித்துறையில் வேலை பார்த்து, 1907-ல் ரஷ்ய நாடாளுமன்றமான டூமாவிலும் உட்கார்ந்தவர் கோய்ஸ்கி. துப்பாக்கி இல்லாத இடத்தில் சட்டத்தையும் அவைகளையும் வைத்து அரசை நிற்க வைத்தார். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம் 1920 ஜனவரி. இப்போது அவர் வெளியுறவு அமைச்சர். போல்ஷ்விக்குகளை எதிர்த்த ரஷ்யத் தளபதி தெனிகினுக்கு எதிராகச் சேர்ந்து போரிடுவோம் என்று சோவியத் வெளியுறவு ஆணையர் சிச்செரின் எழுதுகிறார், அது ரஷ்யர்களின் உள்விவகாரம் என்று கோய்ஸ்கி மறுத்துவிடுகிறார். ஏப்ரல் கடைசியில் செஞ்சேனை பாக்குவுக்குள் வந்துவிட்டது.

கேள்வி: அவரைச் சுட்டுக் கொன்றது ஏன்?

பதில்: 1920 ஜூன் 19, திஃப்லிஸ். சுட்டவர் ஆர்மேனியரான அராம் யெர்கானியன். பழிவாங்கல்தான். 1918 மார்ச்சில் பாக்குவில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், செப்டம்பரில் நகரம் ஒட்டோமான், அஜர்பைஜான் படைகளிடம் விழுந்தபோது ஆர்மேனியர்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள். மார்ச் கொலைகளை விசாரிக்க கோய்ஸ்கியின் அரசு ஜூலையிலேயே ஆணையம் அமைத்தது. செப்டம்பர் கொலைகளுக்கு அவரே உத்தரவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் படைகள் நகரத்துக்குள் நுழைந்தது அவர் அரசின் பெயரால், அந்தப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்கவும் மாட்டேன்.