அணைக்கும் கடலுக்கும் ஒரே படகு போதுமா?

கேள்வி: வாடிப்பட்டி பக்கம் ஒரு கிராமம். கையில் 2 லட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. என் மச்சான் தேவிபட்டினத்தில் இன்னொருவர் படகில் பங்குக்குப் போகிறார். 20 அடி பைபர் படகு புதிதாக 2,20,000 சொல்கிறார்கள். 9.9 எச்பி பழைய மோட்டார் 90,000, நண்டு வலை 60,000. பற்றாக்குறைக்கு மனைவி நகையை 9.5 சதவீத வட்டிக்கு வைத்து 2 லட்சம் எடுக்கலாம் என்று யோசனை. மச்சான் கடலில் ஓட்டட்டும். வைகை அணையிலும் எங்கள் ஊர்க் கண்மாயிலும் தண்ணீர் நிற்கும்போது அதே படகை இங்கே கொண்டுவந்து நான் மீன் பிடிக்கிறேன். கணக்கு சரிதானா?

பதில்: ஒரு படகு இரண்டு தண்ணீர் என்ற யோசனையை முதலில் கைவிடுங்கள். தேவிபட்டினத்திலிருந்து வைகை அணைக்குக் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். ஒவ்வொரு முறையும் லாரி வாடகை, ஏற்றி இறக்க ஆள் கூலி. கண்மாய்க்கு 20 அடிப் படகு தேவையும் இல்லை. மரக்கட்டைகளும் ஆகாயத்தாமரையும் கிடக்கும் முழங்கால் தண்ணீரில் மோட்டார் சும்மாதான் கிடக்கும். அங்கே பரிசலும் செவுள் வலையும் போதும். உங்கள் பட்ஜெட்டில் அது சின்னத் தொகை.

அதைவிடப் பெரிய கேள்வி, அந்தத் தண்ணீரில் மீன் பிடிக்கும் உரிமை யாருடையது என்பது. கண்மாய்க்கு மீன்பாசி ஏலம் நடக்கும். குத்தகை எடுத்தவரிடம் பங்கு பேசாமல் வலை போட்டால் வலையும் போகும், ஊர்ப் பகையும் வரும். அணைக்கும் அனுமதி தனி. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முன் பரிசல்கூட வாங்க வேண்டாம்.

இனி கடல் கணக்கு. படகுக்கு 10 ஆண்டு ஆயுள் என்றால் வருடத்துக்கு 22,000 தேய்மானம். பழைய மோட்டார் 4 ஆண்டு ஓடினால் 22,500. நகைக்கடன் வட்டி 19,000. பழுது, பெயின்ட், பதிவுச் செலவு 12,000. கூட்டினால் 75,500. பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளுக்கு, நான்கு நாள் உங்களுடையது போன்ற நாட்டுப்படகுகளுக்கு என்ற முறை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எழும்பினால் அந்த நான்கும் கிடைக்காது. மாதம் 12 நாள், வருடத்தில் 9 மாதம் என்று வைத்தால் 108 நாள். ஆக, கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் படகுக்கு மட்டும் 700 ரூபாய் வந்தாக வேண்டும். அதற்கு மேல் வருவதுதான் லாபம்.

கரையில் பணம் பிரிவது எப்படி என்பதையும் பாருங்கள். 9.9 எச்பி மோட்டார் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 4 லிட்டர் குடிக்கும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், வலை இழுக்கும்போது மெதுவான ஓட்டம் என்றால் 10 லிட்டர், அதாவது ஆயிரம் ரூபாய்க்கு மேல். டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்ற கலவை என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயிலும் சேரும். ஐஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து நாளுக்கு 1,600 என்று வைப்போம். 3,500 ரூபாய்க்கு மீன் விற்றால் செலவு போக 1,900. ஆள் இருவருக்கு இரண்டு பங்கு, படகு மோட்டாருக்கு ஒன்று, வலைக்கு ஒன்று என்று பிரித்தால் பங்குக்கு 475 ரூபாய். தேவை 700, கிடைப்பது 475. படகுப் பங்கு 700ஐத் தொட, விற்பனை 4,400ஐத் தொட வேண்டும். பங்கு முறை ஊருக்கு ஊர் மாறும், மச்சானிடம் கேட்டு இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வலைப் பங்கை வருமானமாக எண்ணாதீர்கள். நண்டு வலை ஒரு சீசன் தாண்டினாலே பெரிது, அந்தப் பங்கு அடுத்த வலைக்கே போய்விடும்.

இதில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் கதை இன்னும் மோசம். மீன் அவரிடம்தான் போக வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். அந்த விலை வெட்டு எந்தக் கடன் தாளிலும் வட்டி என்று எழுதப்பட்டிருக்காது.

நகையைத் தொட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஒரே தவணை நகைக்கடனில் வருட முடிவில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்ட வேண்டும். படகின் கையில் அப்படி மொத்தமாகப் பணம் சேராது. மச்சான் மீனவர் என்பதால் அவர் பெயரில் வேறு வழி உண்டு. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம். இந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா, படகு அதில் வருமா என்று ராமநாதபுரம் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டே முன்பணம் கொடுங்கள். வாங்கிவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காது. மிச்சத்துக்கு முத்ரா கிஷோர் கடன்: 50,000க்கு மேல் 5 லட்சம் வரை, அடமானம் இல்லை, மாதத் தவணை. பெட்ரோல், ஐஸ் போன்ற ஓட்டச் செலவுக்கு மீனவர் கிசான் கடன் அட்டை. வட்டி 7 சதவீதம், காலத்தில் கட்டினால் 3 சதவீதம் குறையும்.

உங்கள் 2 லட்சத்தில் 1 லட்சத்தை மட்டும் இதில் போடுங்கள். 60,000 ரூபாயைத் தொடாமல் வங்கியில் வையுங்கள், மோட்டார் ஒருநாள் கை கொடுக்காமல் போகத்தான் போகிறது. மீதி கண்மாய்ப் பங்குக்கும் பரிசலுக்கும்.

பழைய மோட்டாரை 90,000க்கு எடுக்கும் முன் கியர் ஆயில் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். வடியும் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் சீல் போய், உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் பக்கவாட்டில் மூத்திரம் போல ஒரு தண்ணீர்த் தாரை அடிக்க வேண்டும். அது சொட்டினால், குளிர்விக்கத் தண்ணீரை இழுக்கும் இம்பெல்லர் சக்கரம் தேய்ந்திருக்கும், அல்லது குளிர்விக்கும் வழியில் உப்பு அடைத்திருக்கும். இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனும், அதாவது உள்ளழுத்தமும், 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. மோட்டார் தண்டு 15 அங்குலமா 20 அங்குலமா என்று படகின் பின்பலகை உயரத்தோடு ஒப்பிடுங்கள். புரொப்பல்லருக்கு மேலுள்ள தட்டு படகின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய சமமாக நிற்க வேண்டும். அது உயர்ந்தால் புரொப்பல்லர் காற்றை இழுத்து அலறும், தாழ்ந்தால் சேற்றை உழும். தேவிபட்டினத்தில் நவபாஷாணக் கற்கள் நிற்கும் ஆழம் குறைந்த கடலைப் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கடலில் ஓடிய நாளெல்லாம் 10 நிமிடம் நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவ வேண்டும்.

படகு புதியது என்றாலும் மோட்டார் மாட்டும் பின்பலகையை நாணயத்தால் தட்டுங்கள். டொக் டொக் என்று கெட்டியாகக் கேட்டால் சரி. ஒரு இடத்தில் மட்டும் மழுங்கலாகக் கேட்டால் உள்ளே பிளைவுட் சரியாக ஒட்டவில்லை, அல்லது ஈரம் இறங்கியிருக்கிறது. பிறகு மோட்டாரை மாட்டி, அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து ஆட்டுங்கள். பலகை வளைந்தால் அந்தப் படகு வேண்டாம்.

எல்லாம் சரிவந்து மச்சான் பெயரில் பதிவானால், சட்டப்படி படகு அவருடையது. எனவே முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: நீங்கள் போட்ட தொகை, படகுப் பங்கில் உங்களுக்கு எத்தனை சதவீதம், மோட்டார் பழுது யார் கணக்கில், விற்றால் பணம் எப்படிப் பிரியும், அவர் கடலுக்குப் போக முடியாமல் போனால் படகு யார் கையில். மச்சானிடம் போய்க் கையெழுத்தா என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். மானியத்தில் வாங்கிய படகை விற்கக் காலக்கெடு, நிபந்தனை ஏதும் உண்டா என்பதையும் மீன்வளத் துறை அலுவலகத்திலேயே கேட்டு அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.