ரெண்டு கேபிளையும் பிரிட்ஜ்ல போட்டா ஆபீஸ் நெட் ஏன் படுத்துக்குது: பாண்டிங், பிரிட்ஜிங் குழப்பத்துக்கு ஒரு பதில்

கேள்வி: எங்க ஆபீஸ்ல ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே மெஷினுக்குள்ள பல விஎம், அதாவது மெய்நிகர் கம்ப்யூட்டர், ஓட்டற சாஃப்ட்வேர்) போட்ட சர்வர் ஒண்ணு இருக்கு, ரெண்டு கிகாபிட் போர்ட். ரெண்டு போர்ட்டையும் பிரிட்ஜ்ல சேர்த்தா 2 கிகாபிட் வரும்னு நினைச்சு விஎம்பிஆர்0-ன்ற அதோட பிரிட்ஜ்ல ரெண்டையும் போட்டேன், ரீலோட் கொடுத்ததும் ஆபீஸ் மொத்தத்துக்கும் நெட் போயிடுச்சு. அப்புறம் தேடிப் பார்த்து பாண்ட் (ரெண்டு போர்ட்டையும் ஒண்ணா கட்டறது) மோட் 0 போட்டு அதுக்கு மேல பிரிட்ஜ் வச்சேன். இப்ப நெட் போகல, ஆனா காப்பி வேகம் செகண்டுக்கு 110 எம்பியைத் தாண்ட மாட்டேங்குது, சில விஎம் அப்பப்ப பிங்குக்கு பதில் தராம திடீர்னு தானா சரியாகுது. ஸ்விட்ச் மேனேஜ்டு (செட்டிங் மாத்தக்கூடியது) தான், அதுல எதையும் தொடல. என்ன பண்ணலாம்?

பதில்: மொதல்ல ஒரு கேபிள கழட்டி வைங்க. ஒத்த லிங்க்ல நாலு நாள் ஓடினா குடி ஒண்ணும் முழுகிடாது, இப்ப இருக்கற நிலைமைல ரெண்டாவது கேபிள் உங்களுக்கு உபகாரத்தை விட உபத்திரவம் தான் அதிகம் பண்ணுது. மத்தத நிதானமா பார்க்கலாம்.

லினக்ஸ்ல பிரிட்ஜ்னா கர்னலுக்குள்ள ஓடற ஒரு ஸ்விட்ச், அவ்ளோதான். அதுல நீங்க சேர்க்கற ஒவ்வொரு கார்டும் அந்த ஸ்விட்ச்சோட ஒரு போர்ட், ஒவ்வொரு விஎம்மோட டாப் இன்டர்ஃபேஸும் (விஎம்ம பிரிட்ஜோட இணைக்கற சாஃப்ட்வேர் வயர்) இன்னொரு போர்ட். இப்ப நீங்க ரெண்டு கார்டையும் அதுல சேர்த்து ரெண்டு கேபிளையும் ஒரே ஆபீஸ் ஸ்விட்ச்ல சொருகினா, ரெண்டு ஸ்விட்ச்சுக்கு நடுவுல ரெண்டு வயர் போட்டாச்சு, அதாவது லூப். யாரோ ஒரு பிசி ஏஆர்பி ப்ராட்காஸ்ட் (இந்த ஐபி யாரோடதுன்னு எல்லாரையும் கேக்கறது) ஒண்ணு அனுப்புது, ஆபீஸ் ஸ்விட்ச் அத எல்லா போர்ட்லயும் தள்ளுது, உங்க சர்வருக்கு முதல் கார்டு வழியா வருது, பிரிட்ஜ் அத கடமையா ரெண்டாவது கார்டு வழியா வெளிய அனுப்புது, ஸ்விட்ச் திரும்ப எல்லாருக்கும் தள்ளுது, எதிர் திசைலயும் இதே கதை. ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல்னு ஒண்ணு இருக்கு, சுத்தி சுத்தி வந்தா செத்துப்போகும், ஈதர்நெட் ஃப்ரேமுக்கு அப்படி ஆயுசு எதுவும் கிடையாது, கேபிள பிடுங்கற வரைக்கும் சுத்தும். அதனால தான் உங்க சர்வர் மட்டும் போகாம ஆபீஸே போச்சு.

"அதுக்குத்தானே ஸ்பானிங் ட்ரீ இருக்கு"ன்னு கேப்பீங்க. லூப்ப கண்டுபிடிச்சு ஒரு வழிய அடைக்கற எஸ்டிபி தான் அது. இருக்கு, ஆனா கர்னல் பிரிட்ஜ்ல அது டிஃபால்ட்டா ஆஃப். ப்ராக்ஸ்மாக்ஸும் இன்டர்ஃபேசஸ் ஃபைல்ல எஸ்டிபி ஆஃப், ஃபார்வர்ட் டிலே 0-ன்னு தெளிவா எழுதி வைக்குது. நெட்வொர்க் மேனேஜர்லயும் நெட்பிளான்லயும் பிரிட்ஜ் உருவாக்கினா டிஃபால்ட்டா ஆன்ல வரும், அதனால உபுண்டுல இதே தப்ப பண்ணினவருக்கு ஒண்ணும் ஆகாம உங்களுக்கு மட்டும் ஆகலாம். ஆனா ஆன் பண்ணினா மட்டும் பிரச்சனை தீர்ந்துச்சா? எஸ்டிபி ரெண்டு வழில ஒண்ண பிளாக் பண்ணிடும், நீங்க ஆசைப்பட்ட 2 கிகாபிட் அப்பவும் வராது. போதாததுக்கு உங்க சர்வர் பிபிடியு (எஸ்டிபியோட பாக்கெட்) அனுப்ப ஆரம்பிக்கும், ஸ்விட்ச் போர்ட்ல பிபிடியு கார்டுன்ற (guard) காவல் போட்டிருந்தா அது அந்த போர்ட்டையே மூடிடும். அதுவும் இல்லன்னாலும் போர்ட் அப் ஆனதும் லிசனிங் 15 செகண்ட், லேர்னிங் 15 செகண்ட்னு அரை நிமிஷம் சும்மா நிக்கும், அதுக்குள்ள டிஹெச்சிபில ஐபி அட்ரஸ் கேட்ட விஎம் சலிச்சுப் போயிடும்.

பாண்ட் செய்யற வேலை வேற. ரெண்டு கார்டையும் சேர்த்து, மேல இருக்கறவங்களுக்கு ஒரே கார்டா காட்டறது. (இந்த டிரைவர் பழசு, டொனால்ட் பெக்கர் பேவுல்ஃப் க்ளஸ்டருக்காக கர்னல் 2.0 காலத்துல எழுதின பேட்ச்ல இருந்து வந்தது.) அதனால வரிசை எப்பவும் இது தான்: கார்டுகள் பாண்டுக்குள்ள, பாண்ட் பிரிட்ஜுக்குள்ள, விஎம்கள் பிரிட்ஜ்ல, சர்வரோட ஐபி அட்ரஸ் பிரிட்ஜ் மேல. பாண்ட் மேல ஐபி வச்சுட்டு அதே பாண்ட பிரிட்ஜ்ல சேர்க்கறது, பழைய ஐபிய முதல் கார்டுலயே மறந்து விட்டுடறது, இதெல்லாம் அடிக்கடி நடக்கும், அப்ப பிங் பாதி வேலை செய்யும் பாதி செய்யாது, ஆளு ஃபயர்வால திட்டிட்டு இருப்பாரு. உங்க வரிசை சரியா தான் இருக்கு. தப்பு மோட்ல.

மோட் 0-ன்றது ரவுண்ட் ராபின், பாக்கெட் ஒண்ணு இந்த வயர்ல, அடுத்தது அந்த வயர்ல. இதுக்கு எதிர்ல இருக்கற ஸ்விட்ச்லயும் அந்த ரெண்டு போர்ட்டையும் ஒரு குரூப்பா கட்டியிருக்கணும், நீங்க கட்டல. அப்ப ஸ்விட்ச் பார்வைல என்ன நடக்குதுன்னா, ஒரே மேக் அட்ரஸ் (கார்டோட ஹார்ட்வேர் விலாசம்) இப்ப 5-வது போர்ட்ல தெரியுது, அடுத்த மில்லிசெகண்ட் 6-வது போர்ட்ல தெரியுது, அது தன்னோட டேபிள மாத்தி மாத்தி எழுதிட்டே இருக்கும். லாக் இருக்கற ஸ்விட்ச்சா இருந்தா மேக் ஃப்ளாப்பிங்னு கத்தியிருக்கும், போய் பாருங்க.

விஎம் ஏன் திடீர்னு காது கேட்காத மாதிரி ஆகுதுன்னா, இது கொஞ்சம் வேடிக்கையான விஷயம். விஎம் ஒரு ப்ராட்காஸ்ட் அனுப்புது, அது முதல் கார்டு வழியா வெளிய போகுது. ரெண்டு போர்ட்டும் ஒரே குரூப்னு ஸ்விட்ச்சுக்கு தெரியாததால அது அந்த ப்ராட்காஸ்ட்ட உங்களோட ரெண்டாவது போர்ட்லயே திருப்பி அனுப்புது. பாண்ட் அத வாங்கி மேல கொடுக்குது, பிரிட்ஜ் பார்க்குது, "அட, இந்த விஎம்மோட மேக் பாண்ட் பக்கத்துல இருந்து வருதே, அப்ப அது வெளிய இருக்கு"ன்னு தன் டேபிள்ல எழுதிக்குது. இப்ப அந்த விஎம்முக்கு வெளில இருந்து ஒரு பதில் வந்தா, பிரிட்ஜ் அது வந்த பக்கமே போகணும்னு நினைச்சு கீழ போட்டுடும். விஎம் அடுத்து தானா ஒரு சாதாரண பாக்கெட் அனுப்பும்போது டேபிள் சரியாகும், உங்களுக்கு "தானா சரியாகுது"ன்னு தெரியும். டிமெசேஜ்ல (கர்னலோட லாக்) பிரிட்ஜ் பேரோட, சொந்த அட்ரஸையே சோர்ஸா வச்ச பாக்கெட் வந்துச்சுன்னு ஒரு வார்னிங் கிடக்கும், அது இதே கோளாறு தான், சர்வரோட சொந்த மேக்குக்கு நடந்தது.

மோட் 5, மோட் 6 பத்தியும் இப்பவே சொல்லிடறேன், ஏன்னா அடுத்து தேடினா "ஸ்விட்ச்ல எதுவும் செட் பண்ண வேணாம், மோட் 6 போடு"ன்னு யாராவது சொல்லுவாங்க. தனி சர்வருக்கு அது ஓடும். பிரிட்ஜ் வச்சு விஎம் ஓட்டற மெஷின்ல வேணவே வேணாம், அந்த மோடுங்க வெளிய போற பாக்கெட்டோட சோர்ஸ் மேக்க மாத்தும், மோட் 6 ஏஆர்பி பதில்லயும் கைய வைக்கும், அதுக்குப் பின்னாடி பல மேக்கோட விஎம்கள் இருக்கும்போது கணக்கு உதைக்கும். ரெட் ஹேட்டும் விஎம் பிரிட்ஜுக்கு அடில 1, 2, 4 இந்த மூணு மோட தான் சொல்றாங்க.

உங்களுக்கு நான் சொல்றது மோட் 4, அதாவது எல்ஏசிபி, 802.3ஏடி, சர்வரும் ஸ்விட்ச்சும் பேசிக்கிட்டு குரூப் கட்டற முறை. ஸ்விட்ச் மேனேஜ்டு தானே, அதுல லேக் (LAG) அல்லது போர்ட் சேனல்னு ஒரு மெனு இருக்கும், அதுல ரெண்டு போர்ட்டையும் சேர்த்து டைப் எல்ஏசிபி, ஆக்டிவ்னு வைங்க. விலை குறைஞ்ச ஸ்விட்ச் சிலதுல ஸ்டேட்டிக் மட்டும் தான் இருக்கும், அப்ப சர்வர்ல மோட் 2, ஆனா ஸ்டேட்டிக்ல ரெண்டு பக்கமும் பேசிக்காது, யாராவது கேபிள தப்பான போர்ட்ல மாத்தி சொருகினா யாரும் சொல்ல மாட்டாங்க. ஒரு கேபிள் ஒரு ஸ்விட்ச், இன்னொண்ணு வேற ஸ்விட்ச்னு போகுதா, அந்த ரெண்டும் ஸ்டாக்கோ எம்எல்ஏஜியோ (ரெண்டு பெட்டி ஒண்ணு மாதிரி நடந்துக்கற ஏற்பாடு) இல்லாத தனித்தனி பெட்டியா, அப்ப யோசிக்காம மோட் 1, ஒண்ணு ஓடும் ஒண்ணு காத்திருக்கும். வேகம் ஏறாது, ராத்திரி நிம்மதியா தூங்கலாம்.

செய்யற முறை: சர்வர் முன்னாடி உக்காந்தோ ஐபிஎம்ஐ கன்சோல்லயோ (சர்வரோட தனி ரிமோட் திரை) பண்ணுங்க, எஸ்எஸ்எச்ல வேணாம். ஒரு கேபிள் கழட்டினபடியே இருக்கட்டும். இன்டர்ஃபேசஸ் ஃபைல்ல பாண்ட்0-க்கு மோட் 802.3ஏடி, மிமான் 100 (லிங்க் உயிரோட இருக்கான்னு 100 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ பார்க்கறது), ஹாஷ் பாலிசி (எந்த பாக்கெட் எந்த வயர்னு பிரிக்கற விதி) லேயர் 3+4 எழுதுங்க, பிரிட்ஜ் போர்ட்ஸ்ல பாண்ட்0 மட்டும், எஸ்டிபி ஆஃப்லயே இருக்கட்டும், இப்ப லூப்புக்கு வழியே இல்ல. ரீலோட் பண்ணுங்க, ஒத்த கேபிள்ல எதிர்ல எல்ஏசிபி இல்லன்னாலும் பாண்ட் ஓடும். அப்புறம் ஸ்விட்ச்ல குரூப்ப கட்டுங்க, கடைசியா ரெண்டாவது கேபிள சொருகுங்க. மிமான் 0-ன்னு எங்கயாவது இருந்தா மாத்துங்க, மோட் 1-ல அப்படி விட்டா லிங்க் செத்தத பாண்ட் கவனிக்கவே கவனிக்காது. (உபுண்டுக்காரங்களுக்கு: நெட்பிளான் ட்ரை 120 செகண்ட்ல பழசுக்கு திரும்பிடும்னு நம்பி ரிமோட்ல இதெல்லாம் பண்ணாதீங்க, பாண்ட், பிரிட்ஜ் பாராமீட்டர அதால திருப்ப முடியாது.)

அப்புறம் ப்ராக் அடில நெட், அதுல பாண்டிங், அதுல பாண்ட்0 ஃபைல (/proc/net/bonding/bond0) திறந்து படிங்க. ரெண்டு கார்டுக்கும் அக்ரிகேட்டர் ஐடி (எந்த குரூப்னு சொல்றது) ஒரே நம்பரா இருக்கணும், பார்ட்னர் மேக் ஸ்விட்ச்சோட மேக்கா இருக்கணும். பார்ட்னர் மேக் முழுக்க சைபரா இருந்தா ஸ்விட்ச் உங்ககிட்ட எல்ஏசிபி பேசவே இல்லன்னு அர்த்தம், எத்தனை கேபிள் இருந்தாலும் ஒண்ணு தான் ஓடிட்டு இருக்கும். நிறைய பேர் இந்த நிலைமைல வருஷக்கணக்கா ஓட்டிட்டு "எங்க கிட்ட எல்ஏசிபி இருக்கு"ன்னு சொல்லிட்டு இருக்காங்க. எல்ஏசிபி ரேட் டிஃபால்ட் ஸ்லோ, 30 செகண்டுக்கு ஒரு பாக்கெட், 90 செகண்ட் வரலன்னா தான் எதிராளி போயிட்டான்னு முடிவு பண்ணும், ஃபாஸ்ட்ல அது 1-ம் 3-ம், ஸ்விட்ச் சப்போர்ட் பண்ணினா ஃபாஸ்ட் வைங்க. கடைசியா பிங் ஓட விட்டு ஒவ்வொரு கேபிளா பிடுங்கிப் பாருங்க, இந்த டெஸ்ட்ட பண்ணாத பாண்ட நான் பாண்டா ஒத்துக்கறதில்ல.

இப்ப வேகம். 110 எம்பின்றது ஒரு கிகாபிட் லிங்க் முழுசா ஓடினா வர்றது, காப்பி வாங்கற பிசில 1 கிகாபிட் கார்டு இருந்தா சர்வர்ல பத்து கேபிள் போட்டாலும் அதுக்கு மேல ஏறாது. எல்ஏசிபி வந்தாலும் ஒரு டிசிபி கனெக்ஷன் ஒரே வயர்ல தான் போகும், எந்த வயர்னு ஹாஷ் முடிவு பண்ணும். பாக்கெட் வரிசை மாறக்கூடாதுன்னு தான் இந்த ஏற்பாடு, மோட் 0-ல அந்த வரிசை கலைஞ்சு டிசிபி தேவையில்லாம ரீட்ரான்ஸ்மிட் பண்றதும் உண்டு. பத்து பேர் ஒரே நேரத்துல சர்வர இழுக்கும்போது தான் ரெண்டு வயரும் வேலை செய்யறது தெரியும்.

ஹாஷ் பாலிசிய ஏன் மாத்த சொன்னேன்னா, டிஃபால்ட் லேயர் 2, அது மேக் அட்ரஸ வச்சு முக்கியமா பிரிக்கும். உங்க பேக்கப் எல்லாம் ரௌட்டர் தாண்டி வேற சப்நெட்ல இருக்கற நாஸுக்கு (நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி) போகுதுன்னா, எல்லா பாக்கெட்டுக்கும் டெஸ்டினேஷன் மேக் ரௌட்டரோடது தான், ஒரு மெஷின்ல இருந்து போறது அத்தனையும் ஒரே வயர்ல குவியும். லேயர் 3+4-ல ஐபியும் டிசிபி போர்ட் நம்பரும் சேர்றதால பரவும். இது வெளிய போற பாதிக்கு மட்டும், உள்ள வர்ற ட்ராஃபிக்க பிரிக்கறது ஸ்விட்ச்சோட ஹாஷ், அதோட லோட் பேலன்ஸ் செட்டிங்க தனியா பார்க்கணும். வேகம் அளக்கற ஐபெர்ஃப் 3-ல சோதிக்கறதா இருந்தா ரெண்டு மூணு பிசில இருந்து ஒரே நேரத்துல ஓட்டுங்க.

ஒரே ஒரு பெரிய ஃபைல் வேகமா போகணும்ன்றது தான் தேவைன்னா பாண்ட விட்டுட்டு ரெண்டு பக்கமும் 2.5 இல்ல 10 கிகாபிட் கார்டு போடுங்க, ஐஸ்கஸி ஸ்டோரேஜ்னா (நெட் வழியா வர்ற டிஸ்க்) ரெண்டு வழியையும் பயன்படுத்தற மல்டிபாத் இருக்கு, அதுக்கு பாண்ட் தேவையே இல்ல.

இதெல்லாம் முடிச்சும் விஎம் டிராப் ஆனா, டிராப் ஆகற அந்த நேரத்துலயே பிரிட்ஜோட மேக் டேபிள காட்டற பிரிட்ஜ் எஃப்டிபி ஷோ (bridge fdb show) கமாண்ட் கொடுத்து அந்த விஎம்மோட மேக் எந்த போர்ட்டுக்கு நேரா இருக்குன்னு பாருங்க. டாப்புக்கு நேரா இருந்தா உங்க பாண்ட் மேல பழி இல்ல, அதே ஹோஸ்ட்ல டாக்கர் போட்டிருக்கீங்களான்னு பாருங்க, அது லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸோட ஃபார்வர்ட் பாலிசிய டிராப்னு மாத்தி வைக்கும், பிரிட்ஜ் ட்ராஃபிக்க அந்த ஃபயர்வாலுக்கு அனுப்பற பிஆர் நெட்ஃபில்டர் மாட்யூல் லோட் ஆகியிருந்தா பிரிட்ஜ் வழியா போற விஎம் ட்ராஃபிக்கும் அதுல மாட்டும். பாண்ட்0-க்கு நேரா இருந்தா ஸ்விட்ச்ல குரூப் சரியா கட்டல, அந்த ரெண்டு போர்ட் நம்பரையும் கேபிளப் பிடிச்சுட்டே போய் சரிபாருங்க.