நேரில் போகாமல் வேறு மாநில டீலரிடம் கார் வாங்கினால் என்னென்ன நடக்கும்?

டெக்சாஸில் இருந்துகொண்டு வேறு மாநில டீலரிடம் கார் வாங்கலாமா, அவர்கள் எப்படி விற்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். 2022-ல் நான் அப்படித்தான் டொயோட்டா சியன்னா வாங்கினேன். அப்போது டல்லாஸ் பக்கம் ஸ்டிக்கர் விலைக்கு (தயாரிப்பாளர் வண்டியில் ஒட்டி அனுப்பும் விலை) மேல் பல ஆயிரம் டாலர் கேட்டார்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா வரும் நேரம், பெரிய வண்டி தேவைப்பட்டது. டென்னசியில் ஒரு டீலரிடம் ஸ்டிக்கர் விலைக்கே அமைந்தது.

முதலில் கேட்க வேண்டியது 'அவுட் தி டோர்' விலை. வரி, டாக் ஃபீ (காகித வேலைக்கு டீலர் வாங்கும் கட்டணம்) எல்லாம் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். டாக் ஃபீ மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் 85 டாலர்தான் உச்சவரம்பு, ஃப்ளோரிடாவில் வரம்பே கிடையாது. விற்பனை வரி, நீங்கள் வண்டியைப் பதிவு செய்யும் மாநிலத்துக்குத்தான் போகும், டெக்சாஸில் 6.25 சதவீதம். சில டீலர்களே அதை வசூலித்து நம்பர் பிளேட் வரை வாங்கித் தருவார்கள். மற்றவர்கள் தற்காலிகப் பேப்பர் பிளேட்டைக் கொடுத்துவிடுவார்கள், வரியை நீங்கள் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் கட்ட வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமல் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பும் முன் டீலரின் நம்பரை நீங்களே தேடிக் கூப்பிட்டு பணம் போக வேண்டிய வங்கிக் கணக்கு விவரத்தைச் சரிபாருங்கள். போலி டீலர் தளங்கள் நிறைய உண்டு.

விலை முடிவானதும் ஃபெடெக்ஸில் ஒரு கட்டுக் காகிதம் வரும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் மஞ்சள் ஒட்டுச்சீட்டு இருக்கும். ஓடோமீட்டர் சான்று (வண்டி ஓடிய தூரத்துக்கானது), பவர் ஆஃப் அட்டர்னி (நம் சார்பில் டீலர் காகித வேலை செய்ய அனுமதி) போன்றவற்றில் பேனாவால்தான் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். லைசென்ஸ் நகலோடு அதே உறையில் திருப்பி அனுப்பினேன்.

வண்டி டிரக்கில் வந்தது. எங்கள் தெருவுக்குள் அது திரும்பாது என்பதால், காலை ஆறு மணிக்கு ஒரு மளிகைக் கடையின் பார்க்கிங்கில் வரச் சொன்னார் டிரைவர். வண்டி முழுக்க நெடுஞ்சாலைத் தூசி. போன் டார்ச்சை அடித்துச் சுற்றிப் பார்த்தேன், பின் பம்பரில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். டிரைவர் நீட்டிய ரசீதில் அதை எழுதிய பிறகே கையெழுத்துப் போட்டேன். எழுதாமல் வாங்கியிருந்தால் இழப்பீடு கேட்பது பெரும்பாடு.

சரி, உண்மையான தலைவலி அப்புறம்தான். புது வண்டிக்கு டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம், இருக்காது. தயாரிப்பாளர் தரும் எம்.எஸ்.ஓ. என்ற மூலச் சான்றிதழை டீலர் உங்கள் பெயருக்கு எழுதி அனுப்ப வேண்டும். அதில் அப்பா பெயரை முதலிலும் என் பெயரைப் பின்னாலும் மாற்றி எழுதிவிட்டார்கள். நம் பெயர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். கவுண்டி அலுவலகத்தில் இருந்த பெண் ஊழியர் என் லைசென்ஸையும் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அடித்துத் திருத்தவும் கூடாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். காகிதம் டென்னசிக்குப் போய்த் திரும்பி வந்தபோது பேப்பர் பிளேட் காலாவதியாக நான்கே நாள் பாக்கி.

அதனால் லைசென்ஸில் உள்ளபடி உங்கள் பெயரைத் தட்டச்சு செய்து டீலருக்கு அனுப்புங்கள். எம்.எஸ்.ஓ.வை உறையில் போடும் முன் இருபக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தெழுத்தாகப் பார்த்து நீங்கள் சரி சொன்ன பிறகு தபாலில் போடட்டும்.